குழந்தைகள் காப்பகம் நடத்துவோருக்கு: கோபத்தோடு வரும் பெற்றோரை எப்படி எதிர்கொள்கிறீர்கள்?

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கான சிறிய காப்பகம் ஒன்றை நடத்தி வருகிறேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதில் எனக்கோ என்னிடம் பணிபுரிவோருக்கோ சலிப்பு வந்ததில்லை. ஆனால் மாலையில் அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் சிலரை நினைத்தாலே பிற்பகல் முதல் மனம் கனத்துவிடுகிறது.

இப்போது மூன்று சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்துள்ளன. ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றை இன்னொரு குழந்தை கையில் கடித்துவிட்டது. கடிபட்ட குழந்தையின் தாய், கடித்தது யார் என்று சொல்லியே ஆக வேண்டும், அந்தக் குழந்தையைக் காப்பகத்தை விட்டே நீக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். இன்னொரு குடும்பம் காய்ச்சல் மருந்தைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் காலையில் குழந்தையை விட்டுச் செல்கிறது. மூன்றாமவர் ஒரு தந்தை. மூடும் நேரம் கடந்தே எப்போதும் வருவார், கேட்டால் எங்கள் பணியாளரை வாய்க்கு வந்தபடி பேசுவார். சென்ற வாரம் அவர் பேசிய பேச்சில் அந்தப் பெண் அழுதுவிட்டார்; வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொல்கிறார்.

எவ்விடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், எவ்விடத்தில் உறுதியாக நிற்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நீண்டகாலக் காப்பக நடத்துநர்

சகோதரி, நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே வகைச் சிக்கல் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிபட்ட குழந்தையின் தாய் பயந்திருக்கிறார். காய்ச்சலை மறைப்பவர் நெருக்கடியில் இருக்கிறார். பணியாளரைத் திட்டுபவர் எல்லை மீறுகிறார். மூவரையும் "கடினமான பெற்றோர்" என்று ஒரே பட்டியலில் வைத்துவிட்டால், பயந்தவரிடம் விதியைப் பேசுவோம், எல்லை மீறியவரிடம் ஆறுதலைப் பேசுவோம், இரண்டும் வீணாகிவிடும்.

கடிப்பதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் காப்பகங்களில் உறவு முறிவதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாகிறது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் கடிப்பது மிகச் சாதாரணமாக நிகழும். பல் முளைக்கும் நமைச்சல், வேண்டியதைச் சொல்லச் சொற்கள் இல்லாமை, இடநெருக்கடி, ஒரே பொம்மைக்கு இருவர் கை நீட்டுவது, பசியும் தூக்கமும் கூடும் நேரம் ஆகியவையே வழக்கமான காரணங்கள். அந்த வயதில் அதைத் தீய எண்ணம் என்று கொள்ள முடியாது. ஆனால் இந்த உண்மையைக் கடி நேர்ந்த அன்று அந்தத் தாயிடம் சொன்னால், நீங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்றே அவருக்குக் கேட்கும். சேர்க்கை நாளன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொன்னால் அது தகவல், கடி நேர்ந்த பிறகு சொன்னால் அது சாக்கு.

நேர்ந்த அன்று செய்ய வேண்டியவை வேறு. காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவியதும், தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லி, பெற்றோரை உடனே தொலைபேசியில் அழைத்துவிட வேண்டும். மாலையில் கதவருகே வந்து நின்றபின், குழந்தையின் சட்டைக் கையைத் தாமே உயர்த்திப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும் நிலை வரவே கூடாது. நிகழ்வுப் பதிவேட்டில் நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்துகொண்டிருந்தது, அறையில் எத்தனை பெரியவர்கள் இருந்தார்கள், என்ன முதலுதவி செய்யப்பட்டது என்பவற்றை அன்றே எழுதி, பெற்றோர் கையொப்பம் பெறுங்கள். கடித்த குழந்தையின் குடும்பத்துக்கும் தனியாகத் தெரிவியுங்கள். பெயரை மட்டும் எந்தக் குடும்பத்துக்கும் சொல்லாதீர்கள். "உங்கள் குழந்தை நாளை ஏதாவது செய்துவிட்டால் அதன் பெயரையும் நான் வெளியே சொல்ல மாட்டேன்" என்று நான் சொல்வதுண்டு. பெரும்பாலானோர் அதைக் கேட்டதும் அமைதியாகிவிடுவார்கள்.

அந்தத் தாய்க்கு உண்மையில் வேண்டியது பெயர் அல்ல, நாளை இது மீண்டும் நடக்காமல் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதே. எனவே நீங்கள் செய்யவிருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: கடித்த குழந்தையின் அருகிலேயே ஒருவர் இருப்பார், அதிகம் விரும்பப்படும் பொம்மைகள் இரண்டிரண்டாக வைக்கப்படும், மதிய உணவுக்கு முந்தைய அரை மணி நேரம் குழந்தைகள் இரு சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுவார்கள், இரு வாரங்கள் கழித்து நிலைமை எப்படி இருக்கிறது என்று நீங்களே அவரை அழைத்துச் சொல்வீர்கள். அந்த இறுதி அழைப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கோபம் தணிந்த பெற்றோரை நாமாக அழைப்பது தேவையில்லாத வேலை என்று தோன்றும். ஆனால் நம்பிக்கை திரும்புவது அந்த அழைப்பில்தான்.

இரு குழந்தைகளின் தாய்

நான் காப்பகம் நடத்துபவள் அல்லள். குழந்தைகளைக் காப்பகத்தில் விடுபவள். பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

பேசத் தெரியாத குழந்தையை நாள் முழுவதும் பிறர் கையில் விட்டுச் செல்பவருக்கு, அந்த மணி நேரங்களில் என்ன நடந்தது என்பதை அறிய உங்கள் சொல்லைத் தவிர வேறு வழியே இல்லை. எங்களைக் கண்டதும் குழந்தை உடைந்து அழுகிறது. உள்ளே ஏதோ கொடுமை நடந்திருக்கிறது என்றே அடிவயிறு கலங்குகிறது. பிரிவுக் கலக்கம் எட்டு மாதம் அளவில் தொடங்கி, பத்து முதல் பதினெட்டு மாதங்களுக்குள் உச்சத்துக்குப் போகும் என்பதையும், நாள் முழுவதும் அடக்கி வைத்ததைத் தான் முழுமையாக நம்பும் ஒருவரிடம் குழந்தை கொட்டிவிடுவதும் அந்த அழுகைக்குக் காரணமாகலாம் என்பதையும் என் மூத்த குழந்தையின் ஆசிரியை பொறுமையாக விளக்கினார். அவர் விளக்கியிராவிட்டால் நானும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அவர் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நன்றாக இருந்தாள்" என்று அவர் ஒருபோதும் சொல்லி அனுப்பியதில்லை. "காலையில் நீங்கள் போன பின் ஐந்து நிமிடம் அழுதாள், பிறகு சன்னலருகே உட்கார்ந்து மூடிகளைத் திறந்து மூடி விளையாடினாள், மதியம் ஒரு மணி நேரம் தூங்கினாள், எழுந்ததும் சற்று நேரம் மடியிலேயே இருந்தாள்" என்பதுபோல் சொல்வார். அழுததை மறைக்காமல் சொன்னதால்தான், சிரித்ததாகச் சொன்னதையும் நம்பினேன். நாங்கள் அதிகம் கேள்வி கேட்கிறோம் என்று சலித்துக்கொள்ளும் காப்பகங்கள், நாங்கள் கேட்பதற்கு முன்பே தாங்கள் எவ்வளவு சொல்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீண்டகாலக் காப்பக நடத்துநர்

அம்மா, நீங்கள் எழுதியதைப் பணியாளர் கூட்டத்தில் வாசித்துக் காட்டப் போகிறேன். அழுததை மறைக்காமல் சொல்வது குறித்த அந்த ஒரு கருத்தை, எத்தனை பயிற்சி வகுப்பு வைத்தாலும் இவ்வளவு தெளிவாக என்னால் சொல்ல முடிந்திருக்காது.

செவிலியராக இருந்து காப்பகம் தொடங்கியவர்

காய்ச்சல் குறித்து மட்டும் எழுதுகிறேன். பாராசிட்டமால் மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் குறைந்துவிடும். காலை ஏழு மணிக்குக் கொடுத்திருந்தால், நண்பகல் வாக்கில் குழந்தையின் உடல் மீண்டும் கொதிக்கத் தொடங்கிவிடலாம். இதைப் பெற்றோரிடம் குற்றச்சாட்டாகச் சொல்லாமல், மருந்தின் இயல்பாகச் சொல்லுங்கள்.

என் காப்பகத்தின் விதி இது: 38 டிகிரி செல்சியசோ அதற்கு மேலோ இருந்தால் அனுமதி இல்லை, மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பின்பே திரும்ப வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்றபின் 48 மணி நேரம். சின்னம்மை என்றால் கொப்புளங்கள் அனைத்தும் பொருக்குத் தட்டும் வரை. காலையில் எல்லாக் குழந்தைகளுக்கும், பெற்றோர் நின்றுகொண்டிருக்கும்போதே வெப்பநிலை பார்க்கிறோம். சந்தேகப்படும் குழந்தைக்கு மட்டும் பார்த்தால் அது அவமதிப்பு; எல்லோருக்கும் பார்த்தால் அது நடைமுறை.

இருந்தாலும் விதி மட்டும் போதாது. மருந்தைக் கொடுத்துவிட்டுக் குழந்தையை அனுப்பும் பெற்றோரில் பெரும்பாலானோருக்குக் குழந்தை மீது அக்கறை இல்லாமல் இல்லை. விடுப்பு எடுத்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இருப்பார்கள். ஆகவே சேர்க்கைப் படிவத்திலேயே, குழந்தைக்கு உடல்நலம் குன்றினால் பார்த்துக்கொள்ளக்கூடிய இருவரின் பெயரை எழுதச் சொல்கிறேன். எழுத ஆளே இல்லாதவர்களுடன் அன்றே உட்கார்ந்து பேசுகிறேன், ஏனெனில் அந்தக் குடும்பத்துக்குத்தான் மாற்று ஏற்பாடு எல்லோரையும்விட முன்கூட்டியே தேவை.

மருந்து கொடுக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம் மூன்றைக் கேட்கிறேன்: மருத்துவரின் சீட்டு, மூல உறையோடு கூடிய மருந்து, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். கொடுக்கும்போது இரு பணியாளர்கள் அளவைச் சரிபார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும்.

புதிதாகத் தொடங்கவிருப்பவர்

தனியாகக் குழந்தையை வளர்க்கும் தாய் ஒருவர் காய்ச்சல் சற்றுக் குறைந்த நிலையில் வந்து கண்ணீரோடு நின்றால், மனிதாபிமானம் என்ற ஒன்று வேண்டாமா? விதியை முகத்தில் அடித்தாற்போல் காட்டுவது எப்படிச் சரியாகும்?

செவிலியராக இருந்து காப்பகம் தொடங்கியவர்

வேண்டும்தான். ஆனால் அந்த மனிதாபிமானத்தின் விலையை அறையில் இருக்கும் மற்றக் குழந்தைகள் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது. கட்டணத்தைத் தள்ளி வாங்கலாம், இழந்த நாளை வேறு நாளில் ஈடுசெய்யலாம், அவருடைய மேலாளருக்குக் காட்ட ஒரு கடிதம் எழுதித் தரலாம். இவை எல்லாம் எனக்குச் செலவாகும், ஆகவே நான் கொடுக்கலாம். ஆறு மாதக் குழந்தைக்குத் தொற்று வருவதற்கான சம்மதத்தை அதன் பெற்றோருக்குப் பதிலாக நான் கொடுக்க முடியாது.

கணக்கும் நிர்வாகமும் பார்ப்பவர்

தாமதமாக வரும் தந்தை குறித்து ஒன்று. தாமதக் கட்டணம் விதியுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்; விதிப்பதற்கு முன் ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. உரி நீசி, ஆல்டோ ரஸ்டிசினி என்ற பொருளியலாளர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 காப்பகங்களை 20 வாரங்கள் கவனித்து, 2000 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து ஆறு காப்பகங்களில் தாமதத்துக்குச் சிறு அபராதம் விதிக்கப்பட்டது. தாமதமாக வரும் பெற்றோர் குறையவில்லை; ஏறத்தாழ இரு மடங்கானார்கள். பதினேழாம் வாரத்தில் அபராதத்தை நீக்கிய பிறகும் அந்த எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பணியாளரைக் காக்க வைக்கிறோமே என்ற உறுத்தல் இருந்த இடத்தில் ஒரு விலைச்சீட்டு வந்துவிட்டது. விலை கொடுத்தாயிற்று, இனி உறுத்த என்ன இருக்கிறது என்று பெற்றோர் எண்ணியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று.

மூன்று கிளைகள் நடத்துபவர்

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அந்த அபராதம் மிகச் சிறியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு குழந்தை மட்டும் எஞ்சியிருந்தாலும் பாதுகாப்புக் கருதி இரு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நடைமுறை. ஆகவே ஒருவரின் தாமதம் இருவரின் மாலையைப் பறிக்கிறது. அந்த இருவருக்கும் மிகைநேர ஊதியம் எவ்வளவோ அதையே கட்டணமாக வைத்து, அந்தத் தொகை முழுவதும் அவர்களுக்கே போகிறது என்பதையும் ரசீதில் எழுதுகிறோம். எங்கள் கிளைகளில் தாமதம் குறைந்தது. அதற்குத் தொகை காரணமா, காத்திருப்பவர் யார் என்பது தெரிந்தது காரணமா என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

திடீர்த் தாமதத்தையும் வழக்கமான தாமதத்தையும் பிரித்துப் பாருங்கள். முன்கூட்டியே அழைத்துச் சொல்பவரிடம் நாங்கள் முதல் முறை எதுவும் வாங்குவதில்லை. ஒரே மாதத்தில் மூன்றாம் முறை தாமதமானால், கூடுதல் நேரத் திட்டத்துக்கு மாறுங்கள் அல்லது வேறு ஒருவரை அழைத்துச் செல்ல நியமியுங்கள் என்று உட்காரவைத்துப் பேசுகிறோம். நியமிக்கப்பட்டவரின் புகைப்படமும் அடையாளமும் கோப்பில் இல்லாமல், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் குழந்தையைக் கொடுப்பதில்லை.

இழையைத் தொடங்கியவர்

உங்கள் எல்லோருக்கும் நன்றி. கடிபட்ட குழந்தையின் தாயை நேற்று அழைத்து, நாளை முதல் என்ன செய்யவிருக்கிறோம் என்பதை வரிசையாகச் சொன்னேன். நீக்க வேண்டும் என்ற பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை. ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு இருவர் இதைப் பிடித்துக்கொண்டு, யார் குழந்தை, எப்படிப்பட்ட வளர்ப்பு என்றெல்லாம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். பணியாளரைத் திட்டிய தந்தை விஷயத்திலும் இன்னும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதினாறு ஆண்டுகள் பராமரிப்பாளராக இருந்தவர்

குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: நிர்வாகி மட்டும் எழுதக்கூடியதாக உடனே மாற்றிவிடுங்கள். விடுமுறை, நேர மாற்றம், பொது அறிவிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே குழு; குழந்தை பற்றிய எதுவும் தனிச் செய்தியில் மட்டும். மற்றக் குழந்தைகளின் முகம் தெரியும் படங்களையும் ஒப்புதல் இல்லாமல் அங்கே போடாதீர்கள்.

அந்தத் தந்தை பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் திட்டு வாங்கும் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். பெற்றோர் திட்டியது அன்று இரவுக்குள் மறந்துவிடும். பக்கத்து அறையில் இருந்த உரிமையாளர் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டு, அவர் போனபின் "கண்டுகொள்ளாதே, கட்டணம் ஒழுங்காகக் கட்டுபவர்" என்று சொல்வது மறக்காது. நல்ல பராமரிப்பாளர்கள் பணியை விட்டுப் போவது அப்படிப்பட்ட சொற்களால்தான். குழந்தைகளுக்கு அது இன்னொரு பிரிவு; பழகிய மடி ஒன்று திடீரென்று காணாமல் போகிறது.

குரல் உயரும் கணத்தில் உரிமையாளர் எழுந்து வந்து, பணியாளருக்கும் பெற்றோருக்கும் இடையில் நிற்க வேண்டும். "ஐயா, நீங்கள் சொல்வதை முழுமையாகக் கேட்க விரும்புகிறேன், அலுவலக அறைக்கு வாருங்கள், இங்கே குழந்தைகள் இருக்கிறார்கள்" என்று மெதுவாகச் சொல்லி, அவர் வரும்வரை அதையே சொல்ல வேண்டும், வேறு எந்த வாதத்துக்கும் அங்கே பதில் தரக் கூடாது. அறைக்குள் முதலில் முழுவதையும் கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். புகாரில் நியாயம் இருந்தால் அன்றே சரிசெய்யுங்கள். அதன் பிறகு தனியாக, நியாயமான புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் பணியாளரை இப்படிப் பேச அனுமதிக்க முடியாது, மீண்டும் நடந்தால் சேர்க்கையைத் தொடர இயலாது என்று சொல்லி, அதையே அன்று மாலை எழுத்திலும் அனுப்புங்கள். அந்தப் பணியாளரிடமும் நீங்கள் அனுப்பியதைக் காட்டுங்கள்.

கைக்குழந்தைப் பிரிவு நடத்துபவர்

உறுதியாக நிற்க வேண்டிய இன்னொரு இடம் உறக்கம். "வீட்டில் குப்புறப் படுத்தால்தான் தூங்குவான், இங்கும் அப்படியே போடுங்கள்" என்று அன்பாகவும் கோபமாகவும் கேட்கும் பெற்றோர் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும், 1994 முதல் அமெரிக்காவிலும், கைக்குழந்தைகளை மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லும் பெரிய இயக்கங்கள் நடந்தன. அதன்பின், தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் திடீர்க் குழந்தை இறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாந்தே, தலையணையும் மெத்தென்ற போர்வையும் இல்லாமல்தான் படுக்கவைப்போம் என்பதில் நான் யாருக்காகவும் இறங்கிப் போவதில்லை. மருத்துவர் வேறுவிதமாக எழுதிக் கொடுத்தால் மட்டுமே மாற்றம்.

ஆனால் பகல் தூக்கத்தைக் குறையுங்கள், இரவில் பத்து மணி வரை விழித்திருக்கிறாள் என்று கேட்பது வேறு. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கம் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் உறக்கம் தேவை. தூங்கும் குழந்தையை உலுக்கி எழுப்ப மாட்டோம், ஆனால் தூங்கவைக்கும் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி ஒரு வாரம் பார்ப்போம், இரவுத் தூக்கத்தை நீங்கள் குறித்து வாருங்கள், இருவரும் சேர்த்துப் பார்ப்போம் என்று சொன்னால், சண்டைக்கு வந்தவர் தாளோடு வருவார். எனக்கு மிகவும் நெருக்கமான பெற்றோர் சிலர் அப்படித்தான் கிடைத்தார்கள்.

சிறப்புக் கல்வி ஆசிரியை

இங்கே யாரும் தொடாத ஒன்று உள்ளது. அதுவரை இனிமையாகப் பழகிய பெற்றோர்கூட, குழந்தையின் வளர்ச்சி பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரே நாளில் எதிராளியாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு பேச்சில் அவர்களுடைய உலகமே அசைகிறது.

எந்தக் குறைபாட்டின் பெயரையும் நீங்கள் உச்சரிக்காதீர்கள். அது உங்கள் பணியும் அல்ல, தகுதியும் அல்ல. கண்டதை மட்டும் தேதியோடு எழுதி வைத்துச் சொல்லுங்கள். "இரு வாரங்களாகப் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, ஆனால் அடுத்த அறையில் பாட்டு ஒலித்தால் உடனே எழுந்து போகிறான், வீட்டில் எப்படி?" என்று கேளுங்கள். வீட்டில் எப்படி என்ற கேள்வியைக் கேட்டபின் வாயை மூடிக் காத்திருங்கள். கதவருகே, மற்றப் பெற்றோர் காலணி மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், இதைத் தொடங்கவே கூடாது. முதல் சந்திப்பில் மறுத்துவிட்டால் வாதாடாமல், ஒரு மாதம் கழித்து மீண்டும் சேர்ந்து பார்ப்போம் என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்கக் குழந்தைநல மருத்துவரைக் கேளுங்கள் என்பது பெரும்பாலான பெற்றோர் ஏற்றுக்கொள்ளக்கூடிய முதல் படி.

மூன்று கிளைகள் நடத்துபவர்

பிரிந்து வாழும் பெற்றோர் பற்றியும் ஒரு வரி: "அவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள்" என்று ஒருவர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் வைத்து மற்றவரைத் தடுக்க முடியாது. நீதிமன்ற ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆணை இல்லையென்றால் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இருவருக்கும் ஒரே தகவலை ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் ஒரு சொல்லும் பேசாதீர்கள்.

இழையைத் தொடங்கியவர்

குழுவை மாற்றிவிட்டேன். அந்தத் தந்தையுடன் இன்று அலுவலக அறையில் பேசினேன். பணியிடம் மாறியதால் மூடும் நேரத்துக்குள் வர இயலவில்லை என்றார். அதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் இடம் போய்விடும் என்று பயந்ததாகச் சொன்னார். பணியாளரிடம் பேசிய முறை பற்றி நான் சொன்னபோது மட்டும் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். சேர்க்கையை முடித்துக்கொள்ள நேர்ந்தால் எப்படிச் செய்வது?

நீண்டகாலக் காப்பக நடத்துநர்

கைகலப்போ மிரட்டலோ இருந்தால் ஒழிய உடனே நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு வேறு இடம் தேட அவர்களுக்கு நான்கு வாரங்களாவது கொடுங்கள். முன்பணத்தில் திருப்பித் தர வேண்டியதைக் கேட்பதற்கு முன் தந்துவிடுங்கள். உறக்க நேரம், பிடித்த பொம்மை, எதற்குப் பயப்படும், எப்படித் தேற்றலாம் என்பவற்றைப் புதிய காப்பகத்துக்காக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இறுதி நாள் வரை அந்தக் குழந்தையிடம் பணியாளர் முகம் மாறக் கூடாது.

ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த நிலை இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன். இன்று அனுப்பும் கடிதத்தில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். நேரம் குறித்து: "உங்கள் பணிநேர மாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம், அடுத்த மாதம் முதல் கூடுதல் நேரத் திட்டத்தில் உங்கள் குழந்தைக்கு இடம் உறுதி செய்கிறோம், விருப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள்." பேச்சு குறித்து: "எங்கள் பணியாளரிடம் நீங்கள் நேரில் பேசி இதைச் சரிசெய்ய வேண்டும் என எதிர்பார்க்கிறோம், அந்தச் சந்திப்பில் நானும் உடனிருப்பேன்." அனுப்புவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் வாசித்துக் காட்டி, அவருக்கு அந்தச் சந்திப்பில் விருப்பம் உண்டா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், இரண்டாம் பத்தியை அவர் விரும்பும் விதத்தில் மாற்றி எழுதுங்கள்.